லைசென்ஸ் கேட்டு அலைந்த ஜெயபாய்

ஜெயபாய் இந்தத் தொழிலைத் தேடிப் போகவில்லை. எண்பத்தெட்டாம் வருஷம் அவள் கணவன் ஐயாதுரை வேலை பார்த்த நூல் மில்லில் கதவடைப்பு வந்தது. இன்று திறப்பார்கள், நாளை திறப்பார்கள் என்று ஐயாதுரை தினமும் மில் கேட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஜெயபாய் மதுரைக்குப் போய்ச் சேலை எடுத்து வந்து, மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ராஜபாளையத்துத் தெருக்களில் வீடு வீடாக விற்கக் கிளம்பினாள்.

சேலைக்காரிக்குத் தெரியாத வீடு எந்த ஊரிலும் இருக்காது. எந்த வீட்டில் மாடி காலியாகக் கிடக்கிறது, எந்தக் கிணறு சித்திரையிலும் வற்றாது, எந்த வீட்டுக்காரர் சாயங்காலம் ஆனதும் வாடகைக்காரர் ரூமில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார், எல்லாம் அவளுக்குத் தெரியும். பழையபாளையத்தில் ராஜூக்கமார் வீடுகளுக்குள் போனால் தெலுங்கில் நாலு வார்த்தை பேசுவாள். "ரா ஜெயபாய், கூச்சோ" என்று உட்கார வைத்து மோர் கொடுப்பார்கள்.

பேங்க் ஆபீசர் ஒருவர் கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்தார். அவர் மனைவி லாட்ஜ் ரூமில் கைக்குழந்தையோடு கிடந்து திண்டாடினார். ஜெயபாயிடம் சேலை வாங்கும்போது சொல்லி அழுதார். மறுநாளே ஜெயபாய் அந்த அம்மாவைக் கூட்டிப் போய் ஒரு வீட்டைக் காட்டி, முடித்துக் கொடுத்தாள். வீட்டுக்காரர் ஒரு வெற்றிலைப் பாக்குத் தட்டில் பணம் வைத்து நீட்டினார். அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீடு கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள், சேலை கேட்கிறவர்கள் குறைந்தார்கள். டீச்சர்கள், எல்.ஐ.சி.காரர்கள், போலீஸ் குடும்பங்கள் என்று எல்லோரும் "வீடு பாக்குற அக்கா எங்க இருக்காவ?" என்று விசாரித்து வந்தார்கள். ரெண்டு வருஷத்தில் வாடகை வீடு போய், விலைக்கு வீடு என்று வளர்ந்தது. முடங்கியார் ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டை அவளே பேசி முடித்துப் பத்திரம் வரை கொண்டுவந்தாள்.

அந்த ஓட்டு வீட்டால்தான் வினை வந்தது. பஞ்சு மார்க்கெட் டீக்கடையில் தரகர்கள் நாலைந்து பேர் எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் மஞ்சப்பை, காதில் பீடி. அந்த வீட்டை அவர்களில் ஒருவன் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அது ஜெயபாய்க்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் அவள் ஐயாதுரையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது:

"என்ன, புரோக்கர் அம்மா! இன்னைக்கு எந்தப் பார்ட்டியோட?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஆம்பளையைப் புரோக்கர் என்றால் அது ஒரு தொழில். பொம்பளையைப் புரோக்கர் என்றால் அதற்கு ஊரில் வேறு அர்த்தம். அது அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஐயாதுரைக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஐயாதுரை சட்டையைக் கழற்றிக் கொடியில் வீசினான். "ஏட்டி, போதும். சேலையே வித்துக்கோ. இல்லைன்னா சும்மா இரு."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பு செஞ்சேன்னு நான் சொல்லலை. அந்தப் பேரு வேண்டாங்கேன். நாளைக்கு நம்ம மகளைப் பொண்ணு பாக்க வாரவன், அம்மா என்ன பண்ணுதான்னு கேட்டா என்னன்னு சொல்ல?"

ஜெயபாய்க்குத் தொழில் வேண்டும், அந்தப் பேர் வேண்டாம். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, சாராயக்கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஏன், சைக்கிளுக்கே ஒரு காலத்தில் லைசென்ஸ் இருந்தது. வீடு, நிலம் வாங்கி விற்க உதவுகிறவளுக்கு மட்டும் இல்லாமலா போகும்? சர்க்கார் முத்திரை குத்திய பேர் ஒன்றை வாங்கி வாசலில் மாட்டிவிட்டால், அந்தப் பெஞ்சு வாயை மூடிக்கொள்ளும்.

நகராட்சி ஆபீசுக்குப் போனாள். லைசென்ஸ் செக்‌ஷனில் இருந்த கிளார்க் நல்ல மனுஷன்தான். ஒரு பட்டியலை எடுத்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "டீக்கடை இருக்கு. மாவு மில்லு இருக்கு. சலூன் இருக்கு. விறகுக்கடை, கோழிக்கடை... நீங்க சொல்லுதது இதுல இல்லையேம்மா."

"அப்ப எங்க போய்க் கேக்க?"

"தாலுகா ஆபீசுல கேட்டுப் பாருங்க. நிலம்னா அவியதான்."

தாலுகா ஆபீசில் ஒரு முழு நாள் வராந்தாவில் நின்றாள். சாப்பாட்டு நேரம் முடிந்து வந்த ஒருவர், பட்டாவா, சிட்டாவா, வாரிசு சர்டிபிகேட்டா என்று கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னதும், "நிலம் யாரு பேர்ல இருக்குன்னு சொல்றதுதான் எங்க வேலை. யாரு விக்கிறா, யாரு வாங்கிக் குடுக்கான்னு நாங்க ஏன் பாக்கணும்?" என்று நியாயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கமிஷன் வாங்குகிறவர்களெல்லாம் விற்பனை வரி ஆபீசில் பதிய வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அங்கேயும் போனாள். மாடி ஏறிப் போய் "கமிஷன் ஏஜெண்டுக்குப் பதியணும்" என்றாள். அங்கிருந்தவர் உற்சாகமாகப் பேனாவைத் திறந்தார்.

"மிளகாய் வத்தலா, பருத்தியா?"

"வீடு சார்."

"வீடா?" பேனா மூடி திரும்பவும் ஏறியது. "வீட்டை எப்படிம்மா மூட்டையா கட்டி லாரியில ஏத்துவீங்க? சரக்குக்குத்தான் நாங்க."

அந்த மாடிப்படியில் இறங்கும்போது ஜெயபாய்க்குக் கண் கலங்கவில்லை, ஆத்திரம்தான் வந்தது. லைசென்ஸ் வைத்துக்கொள்ளச் சொல்லி யாராவது தன்னைத் துரத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கொடுக்கவும் ஆளில்லை, கூடாது என்று சொல்லவும் ஆளில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன பேர் வைக்கிறானோ அதுதான் பேர்.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே பத்திர ஆபீசுக்கு எதிரே பால்ச்சாமி என்கிற பத்திர எழுத்தர் இருந்தார். அவள் பேசி முடித்த ஓட்டு வீட்டுக்குப் பத்திரம் எழுதியவர் அவர்தான். அவளை விட ரெண்டு மூணு வயது கூட இருக்கும். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். ஆனால் விஷயம் தெரிந்தவர். அவர் மேஜைக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் லைசென்ஸ் தொங்கியது. ஜெயபாய் பேசும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இது மாதிரி எனக்கு ஒண்ணு வாங்கணும்."

"இது மாதிரியா? இது பத்திரம் எழுதுததுக்கு. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி வாங்குனது. நீங்க பத்திரமா எழுதப் போறீங்க?"

"இல்ல, நான் வீடு பாத்துக் குடுக்கேன்."

"அப்ப இது எதுக்கு?" பால்ச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாக் கேட்டுக்கோங்க. பத்திரம் எழுதுத எனக்கு லைசென்ஸ். அந்தா ஸ்டாம்ப் பேப்பர் விக்காரே, அவருக்கு லைசென்ஸ். நிலத்தை அளக்கவர் சர்க்கார் சர்வேயர். வில்லங்கம் பாத்து ஒப்பினியன் குடுக்கவர் வக்கீல். அவர் பார் கவுன்சில்ல பதிஞ்சிருக்கணும். இத்தனை பேரையும் ஒரு இடத்துல கொண்டாந்து சேக்குறவன் இருக்கான் பாருங்க, புரோக்கரு, அவனுக்கு ஒண்ணும் கிடையாது. இன்னைக்குக் காலையில முழிச்சு நான் புரோக்கர்னு சொன்னா அவன் புரோக்கர். சட்டத்துல அப்படி ஒரு லைசென்சே இல்லை."

"ஏன் இல்லை?"

"என்கிட்டக் கேட்டா? மெட்ராஸுல போய்க் கேளுங்க."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. அந்தப் பரீட்சையாவது நான் எழுதுதேன். எப்ப வைப்பாவ?"

பால்ச்சாமி முதல் தடவையாகச் சிரித்தார். "அது தெரிஞ்சா என் தங்கச்சி மகன் அஞ்சு வருஷமா என் கடையில உக்காந்து ஈ ஓட்டுவானா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தெரிந்த ரோடுதான், எதுவும் கண்ணில் படவில்லை. பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணியவள் அவள். டைப்ரைட்டிங் லோயர் முடித்தவள். எந்தப் பரீட்சை வைத்தாலும் எழுதத் தயார். பரீட்சைதான் இல்லை.

இந்த நிலைமையில்தான் தொண்ணூற்று மூன்றில் சுந்தரபாண்டியன் வந்து சேர்ந்தார்.

அந்தச் சமயம் ஊரே பிளாட் பிளாட் என்று பறந்துகொண்டிருந்தது. நேற்றுவரை பருத்தி விளைந்த புஞ்சையில் வெள்ளைக்கல் நட்டு, முகப்பில் ஒரு வளைவு கட்டி, ஒரு 'நகர்' பேர் எழுதிவிடுவார்கள். சுந்தரபாண்டியன் விருதுநகர்ப் பக்கத்து ஆள். வெள்ளைச் சட்டை, மாருதி கார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புஞ்சையை வாங்கிப் பிளாட் போட்டிருந்தார். ஜெயபாயைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே வீடு தேடி வந்தார். ஐயாதுரை எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"மேடம், உங்களை மாதிரி ஆளுதான் எங்க கம்பெனிக்கு வேணும்" என்றார். அவளை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

"கம்பெனியில நான் என்ன சார்?"

"ரீஜனல் மேனேஜர்."

ஜெயபாய் அந்த வார்த்தையை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது, விற்றால் கமிஷன்தான். டீக்கடைத் தரகர்களுக்குக் கொடுப்பதை விடக் குறைச்சல் என்று பின்னால் தெரிய வந்தது. அன்றைக்கு அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு வாரத்தில் விசிட்டிங் கார்டு வந்தது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். 'திருமதி ஐ. ஜெயபாய், ரீஜனல் மேனேஜர்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'அரசு அங்கீகாரம் பெற்றது.' ஐயாதுரை ஒரு கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில் ஆட்களிடம் காட்டப் போனான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகரின் மனைவி ஐயரம்மாவே ஒரு கார்டு கேட்டு வாங்கினார்கள்.

அந்த 'அரசு அங்கீகாரம்' எதற்கு என்று ஜெயபாய் ஒரு நாள் கேட்டாள். "சார், இது கம்பெனிக்கா, பிளாட்டுக்கா?"

"எல்லாத்துக்கும்தான் மேடம். பஞ்சாயத்துல கையெழுத்து ஆயிருச்சு. டவுன் பிளானிங்ல ஃபைல் நகந்துக்கிட்டு இருக்கு. நம்பர் வந்துரும்."

"வாரதுக்கு முன்னாடியே போடலாமா?"

"மேனேஜர் நீங்களே இப்படிக் கேட்டா கஸ்டமர் என்ன நினைப்பான்?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மேனேஜர் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியே அவர் அவள் வாயை அடைத்துவிட்டார் என்பது ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

அவள் விற்றுக் கொடுத்தது ஆறு பிளாட். ஆறு பேருமே தெரிந்தவர்கள், அவள் முகத்துக்காக வாங்கியவர்கள். அதில் ஒருத்தி வேலுத்தாய். கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் காலத்தில் சொந்தமாக ஒரு ரூமாவது கட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும் என்பாள். ரிட்டயர்மெண்டில் வந்ததை எல்லாம் கொண்டுவந்து அந்தப் பிளாட்டில் போட்டாள். "நீ இருக்கதுனாலதான் வாங்குதேன் தங்கச்சி. கம்பெனி யாரு, எவருன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

தொண்ணூற்றைந்து ஆவணியில் வேலுத்தாய் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்ட ஆள் கூட்டிப் போனாள். போன ஆள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். பிளாட்டுக்குப் போகிற ரோட்டில் குறுக்கே முள்வேலி போட்டு அடைத்திருந்தது. அந்த ரோடு இருந்த இடம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரருக்குச் சொந்தம். சுந்தரபாண்டியன் அதை வாங்கவும் இல்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. வரைபடத்தில் மட்டும் நேராக ஒரு கோடு இழுத்து 'முப்பதடி ரோடு' என்று எழுதியிருந்தார். பஞ்சாயத்தில் வீட்டுப் பிளானைக் கொடுத்தால், இந்த மனைப்பிரிவுக்கே அனுமதி வரவில்லை, பிளானை வாங்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள்.

ஜெயபாய் கம்பெனி ஆபீசுக்கு ஓடினாள். "ஒரு மாசத்துல சரி பண்ணிரலாம் மேடம்" என்றார் சுந்தரபாண்டியன். அடுத்த மாசம், "தோப்புக்காரன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்." அதற்கடுத்த மாசம் அவர் மதுரைக்குப் போயிருந்தார். அப்புறம் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஆறு குடும்பமும் மாறி மாறி ஜெயபாய் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கம்பெனி என்று அவர்களுக்குத் தெரிந்த ஒரே விலாசம் அதுதான். சிலர் வந்து கத்தினார்கள். வேலுத்தாய் கத்தவில்லை. வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள். அதுதான் ஜெயபாய்க்குத் தாங்க முடியவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்போம்" என்றாள் ஜெயபாய். எல்லோரையும் கூட்டிக்கொண்டு அவளே போனாள். இன்ஸ்பெக்டர் அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேனேஜரே வந்து கம்பெனி மேல புகார் குடுக்கீங்களா? நல்லாயிருக்கு. சரி, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

எந்த லைசென்ஸ் என்று திருப்பிக் கேட்க ஜெயபாய்க்கு நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் ஆறு குடும்பமும் நின்றதால் அடக்கிக்கொண்டாள். சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று இன்ஸ்பெக்டர் அனுப்பிவிட்டார்.

அவர்களும் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். ஒரு நாள் தபால்காரர் கொண்டுவந்த நோட்டீசைப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஜெயபாய்க்குத் தெரிந்தது, வழக்கு சுந்தரபாண்டியன் மேல் மட்டும் இல்லை. முதல் எதிர்மனுதாரர் கம்பெனி. இரண்டாவது எதிர்மனுதாரர் 'ஜெயபாய், ரீஜனல் மேனேஜர்.'

"உன்னையும் சேக்கணும்னு வக்கீலு சொன்னாரு" என்றாள் வேலுத்தாய், ஜெயபாய் நேரில் போய்க் கேட்டபோது. தலையைத் தூக்கவில்லை. "அவனைத்தான் பிடிக்க முடியலையே. நீ தானே கையில இருக்க."

அன்று ராத்திரி ஐயாதுரை சட்டைப் பையிலிருந்த கார்டை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

ஜெயபாய் தனக்கு ஒரு வக்கீல் வைத்தாள். கருத்தப்பாண்டி என்று பேர். கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டே வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ரொம்பச் சின்ன விஷயம்" என்றார்.

"நீங்க கம்பெனியில பார்ட்னரா?"

"இல்ல சார்."

"சம்பளம்? பி.எஃப்.? அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர்?"

"ஒண்ணும் இல்ல. கார்டு மட்டும்தான்."

"அப்ப நீங்க மேனேஜர் இல்லை. கமிஷனுக்குப் பாத்த புரோக்கர். கூண்டுல ஏறி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க. உங்களை விட்டுருவாங்க."

"வேற வார்த்தை இல்லையா சார்?"

"எதுக்கு வேற வார்த்தை?"

அவருக்கு எப்படி விளக்குவாள்? எந்த வார்த்தையிலிருந்து தப்பிக்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாளோ, எந்த வார்த்தைக்குப் பயந்து மேனேஜர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாளோ, அதையே சபையில் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார். சொல்லாவிட்டால் ஆறு பேர் பணமும் அவள் தலையில் விழுந்து, குடியிருக்கிற வீடு போய்விடும்.

விசாரணை அன்று கோர்ட்டில் கூட்டம். சுந்தரபாண்டியன் வரவில்லை. அவருடைய வக்கீல் மட்டும் வந்து, "விற்பனை முழுக்க இந்த மேனேஜர் அம்மா பொறுப்பு. கம்பெனிக்குத் தெரியாமல் இவங்க என்ன வாக்குக் குடுத்தாங்களோ" என்று ஆரம்பித்தார். அவள் முறை வந்ததும் கருத்தப்பாண்டி கேட்டார்.

"நீங்க அந்தக் கம்பெனியில மேனேஜரா?"

"இல்ல."

"பின்ன யாரு?"

"புரோக்கர்."

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"புரோக்கர்! நான் புரோக்கர்தான்!" கோர்ட்டுக்கு வெளியே நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவராக உட்கார்ந்திருந்த நீதிபதி குறித்துக்கொண்டே நிமிர்ந்தார். "புரோக்கர்னா அதற்கு லைசென்ஸ் வச்சிருக்கீங்களா?"

கருத்தப்பாண்டி வாயைத் திறப்பதற்குள் ஜெயபாய் பேசிவிட்டாள். "ஐயா, அந்த லைசென்ஸு எங்க குடுக்காவன்னு அஞ்சு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். முனிசிபாலிட்டியில கேட்டேன், தாலுகாவுல கேட்டேன், வரி ஆபீசுல கேட்டேன். டீக்கடைக்கு இருக்கு, கோழிக்கடைக்கு இருக்கு, எனக்கு இல்லைன்னுட்டாவ. இருக்குன்னா இப்பவே குடுங்க, வாங்கிட்டுப் போறேன். இல்லைன்னா இருக்கா இருக்கான்னு எல்லாரும் என்னையக் கேக்காதீங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் லேசாகச் சிரித்துவிட்டு, "உட்காருங்கம்மா" என்றார். ஜெயபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லையே.

நாலு மாசம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கம்பெனி பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். இரண்டாவது எதிர்மனுதாரர் வெறும் தரகர் என்பதால் அவர் மேல் வழக்குத் தள்ளுபடி. கருத்தப்பாண்டி கை கொடுத்தார். வெளியே வந்தால் வேலுத்தாய் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்று கிட்டே போனாள் ஜெயபாய்.

"மேனேஜர்னு நீதானே ஏட்டி சொன்ன?" என்றாள் வேலுத்தாய். "அன்னைக்குக் கார்டு குடுத்து மேனேஜர்னு சொன்ன. இன்னைக்குக் கூண்டுல ஏறி மேனேஜர் இல்லைங்குத. எது நிசம்?"

"ரெண்டும் நான் வச்ச பேரு இல்லக்கா."

"அதை வச்சு நான் என்ன செய்ய?" வேலுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

தீர்ப்பு பேப்பரில் இருந்தது. சுந்தரபாண்டியன் வேறு பேரில், வேறு ஊரில், வேறு வளைவு கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துத் தீர்ப்பை நிறைவேற்ற இன்னொரு மனு, அதற்கு இன்னொரு வாய்தா என்று போய்க்கொண்டே இருந்தது. இது ஆகிற கதை இல்லை என்று ஜெயபாய்க்குப் புரிந்தது. ஒரு நாள் காலையில் அவளே வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினாள். முள்வேலி போட்ட தோப்புக்காரர் மொக்கைச்சாமி அங்கேதான் இருந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். அவர் வாசலில் ஏற்கெனவே பல பேர் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

"நீ யாரு? கம்பெனிக்காரியா?" என்றார், கேட்டைத் திறக்காமலே.

"இல்லைங்கய்யா."

"வக்கீலம்மாவா? முன்னாடியே சொல்லிட்டேன், எல்லாத்தையும் கோர்ட்டுல பாத்துக்கிடுதேன்."

"வக்கீலும் இல்ல. புரோக்கரு. அந்தப் பாதை இடத்தை நீங்க என்ன விலைக்குக் குடுப்பீங்கன்னு கேக்க வந்தேன்."

"இத்தனை பேரு வந்தாங்க, ஒருத்தனும் விலை கேக்கலை. சட்டந்தான் பேசுனானுக" என்று சொல்லிவிட்டு மொக்கைச்சாமி கேட்டைத் திறந்தார்.

உடனே ஒன்றும் படியவில்லை. அவர் ஒரு விலை சொன்னார், அது எட்டாத விலை. ஜெயபாய் மாசம் ஒரு தடவை போய் வந்தாள். ஆறு பேரில் ரெண்டு பேர் பொறுக்க முடியாமல் பிளாட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மீதிப் பேர் பங்கு போட்டுக் கொடுக்கச் சம்மதிப்பதற்குள் ஜெயபாய்க்குத் தொண்டை வறண்டு போனது. 'இதுல உனக்கு எம்புட்டுக் கமிஷன்?' என்று அவர்களே கேட்டார்கள். ஒரு பைசா இல்லை என்றால் நம்பவில்லை. ஒரு வழியாகத் தொண்ணூற்றெட்டில், முப்பதடி இல்லை, பதினாறடிப் பாதை கிரயமானது. பஞ்சாயத்து அனுமதிக்கு அதன் பிறகும் ஆறேழு தடவை நடக்க வேண்டியிருந்தது.

வேலுத்தாய் ஒரு ரூமும் அடுப்படியும் கட்டினாள். பால் காய்ச்சுக்கு ஜெயபாயைக் கூப்பிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது ரோட்டிலிருந்தே அந்த வீடு தெரியும், நீலக் கலர் சுண்ணாம்பு. ஜெயபாய் அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டாள், பார்க்காமல் இருக்கவும் முடியாது. நிறுத்தம் வந்தும் ஒரு நாளும் இறங்கியதில்லை.

தொழிலை அவள் விடவில்லை. பஞ்சு மார்க்கெட் பெஞ்சில் இருந்தவர்கள் இப்போது புதுசாக 'ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்' என்று போர்டு மாட்டிக்கொண்டார்கள். அதற்கும் எந்த ஆபீசும் லைசென்ஸ் கேட்கவில்லை. ஜெயபாய் போர்டு வைக்கவில்லை. வருகிறவர்களிடம் வீட்டைக் காட்டுவதற்கு முன்னால், பாதை யாருடையது, அனுமதி நம்பர் என்ன, வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று அவளே கேட்டுச் சொல்லிவிடுவாள். அதனாலேயே பாதிப் பேரம் முறிந்துபோகும். ஐயாதுரைக்கு அதில் எரிச்சல். "எல்லாத்தையும் உடைச்சுச் சொன்னா எவன் வாங்குவான்?" என்பான்.

வேலுத்தாய் வீடு கட்டிய வருஷக் கடைசியில் ஒரு வீட்டுக் கிரயத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போடப் பத்திர ஆபீசுக்குப் போயிருந்தாள். எழுதியவர் பால்ச்சாமிதான். சாட்சி இருக்கும் இடத்தில் அவள் பேருக்கும் விலாசத்துக்கும் பிறகு 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"என்னது?"

"இல்லத்தரசின்னு போட்டிருக்கீங்க. இந்த வீட்டைப் பேசி முடிச்சது யாரு? வில்லங்கம் எடுக்க மூணு தடவை இங்க வந்தது யாரு?"

"பொம்பளைகளுக்கு அப்படித்தான் எழுதுதது. கை பழக்கம்." பால்ச்சாமி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "உள்ள கூப்பிடப் போறாங்க. போட்டுட்டுப் போங்க."

"போட மாட்டேன். அடிச்சிட்டு மாத்துங்க."

"அடிச்சா அதுக்கு ஒரு குறிப்பு எழுதணும், எல்லாரும் கையெழுத்துப் போடணும். சரி, என்னன்னு மாத்த? புரோக்கர்னு எழுதவா?"

ஜெயபாய் யோசித்தாள். எழுதலாம். சபையில் சொன்ன வார்த்தைதானே. ஆனால் இது ஆயுசுக்கும் ஆபீசில் இருக்கப்போகிற காகிதம். தன் மகளின் மகள் ஒரு நாள் நகல் எடுத்துப் பார்த்தால்?

"உங்களுக்குத்தான் பத்து வார்த்தை தெரியுமே அண்ணாச்சி. ஒண்ணை எழுதுங்க. வீட்டுல சும்மா இருக்கேன்னு மட்டும் எழுதாதீங்க."

பால்ச்சாமி முணுமுணுத்துக்கொண்டே அந்த வார்த்தையை அடித்தார். பிறகு 'சுயதொழில்' என்று எழுதினார். ஜெயபாய் அதை ரெண்டு தடவை படித்தாள். என்ன தொழில் என்று அதில் இல்லை. உள்ளேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள்.